பக்கிங்ஹாம் கால்வாய்: மகளின் கட்டுரையில் எது தவறு?

வணக்கம். பக்கிங்ஹாம் கால்வாய் 1878-இல் பாசனத்துக்காக வெட்டப்பட்டது என்று மகள் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கால்வாய் என்றாலே வயல்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது கடலோரமாகவே போகும் உப்புநீர், பயிருக்கு ஆகாது. படகுப் போக்குவரத்துக்காக வெட்டியது. உப்பும் விறகும் படகில் சென்னைக்கு வந்தன.

ஆண்டும் சரியில்லை. 1806-லேயே சென்னை–எண்ணூர் பகுதி வந்துவிட்டது. அப்புறம் 1876–78 தாதுவருடப் பஞ்சம். பசியில் வாடிய மக்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் 1878-இல் வந்தது. அந்தப் பஞ்சக் கூலிகளைப் பற்றி அவள் அவசியம் இரண்டு வரி எழுதட்டும்.