அந்தச் சவுக்குக் கட்டையை நட்டது யார்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். பூர்வீக வீட்டில் 14 பங்கு. யாரும் குடியில்லை, வருடம் ஒருமுறை சாமி படைப்புக்குக் கூடுவோம். ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டுத் தாழ்வாரம் சரிந்து, 19 வருடமாக வீடு கூட்டி விளக்கேற்றும் வேலைக்கார அம்மாவின் வலது கால் எலும்பு நொறுங்கிவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆடி மாதம் அங்கிருந்த நான்கு தேக்குத் தூண்களை விற்றபோது சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருந்தோம். ஆளுக்கு 2,000 போட்டு 28,000 கொடுத்தோம். இப்போது அவர் மகன் 9 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், 15 நாளில் பதில் வேண்டுமாம். மழைக்கு இடிந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லியும் அவராகத்தான் போனார். நான் சென்னையில் வேலை பார்ப்பவன், பதினாலில் ஒரு பங்குக்காரன். என் தலையில் எவ்வளவு விழும்?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்கள் தலையில் ஒன்றும் விழவில்லை தம்பி. ஓடும் உத்திரமும் விழுந்தது அந்த அம்மாவின் காலில்.

மழைக்காலம் முடிந்ததும் இப்படிக் கடிதங்கள் எனக்கு வரும். ஊர் மாறும், பங்கின் எண்ணிக்கை மாறும். மழைமேல் பழியைப் போடுவது மட்டும் மாறாது. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருந்தோம்.’ அந்தத் ‘தான்’ என்னை இரண்டு நாளாக விடவில்லை. ஜாக்கிரதையாக இருந்தோம் என்று காட்ட எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. தூணை உருவினால் கூரை நிற்காது என்று ஆடியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் முட்டு எதற்கு?

சரி, முட்டைப் பற்றியே கேட்கிறேன். கட்டைக்கு அடியில் பலகை போட்டீர்களா? ஆப்பு அடித்து இறுக்கினீர்களா? பச்சைச் சவுக்கு காயக் காயச் சுருங்கும், முட்டு தளரும். மாதம் ஒரு தடவை ஆட்டிப் பார்க்க ஆள் வைத்தீர்களா? நாட்டு ஓடும் சுண்ணாம்புக் காரையும் மழையில் ஊறினால் எவ்வளவு கனம் ஏறும் என்று ஊரில் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆடியில் நட்டதை ஐப்பசி வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் பார்த்தவர் ஒருவர்தான், அவர் இப்போது கட்டிலில் கிடக்கிறார்.

தூண் விற்ற பணம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைப் பதினாலாகப் பிரித்த அன்று, ‘நான் சென்னையில் இருப்பவன், எனக்கு வேண்டாம்’ என்றா சொன்னீர்கள்?

சட்டத்துக்கு வருகிறேன். கட்டடத்தை இடிக்கும்போதோ பழுது பார்க்கும்போதோ அது விழுந்து உயிருக்கு ஆபத்து வராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவதே குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 290வது பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் எலும்பு முறிகிற அளவுக்குக் காயம் என்றால் 125வது பிரிவில் 3 ஆண்டு வரை போகும். அந்தப் பையன் இன்னும் போலீசுக்குப் போகாமல் நோட்டீஸோடு நிற்கிறார். அந்த மரியாதை உங்களுக்குப் புரியவில்லை.

‘கடவுள் செயல்’ என்று தப்ப முடியாதா என்பீர்கள். யாரும் எதிர்பார்க்க முடியாத ஒன்றாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். ஐப்பசியில் மழை பெய்வது சிவகங்கைச் சீமையில் யாருக்கு ஆச்சரியம்? டெல்லி சாந்தினி சௌக்கில் ஒரு மணிக்கூண்டு சரிந்து ஆட்கள் செத்த வழக்கில், 1966ல் உச்ச நீதிமன்றம் உரிமையாளரான மாநகராட்சியைத்தான் பொறுப்பாக்கியது. கட்டடத்துக்கு வயது 80, மேல்தளக் காரைக்கு ஆயுளோ 40, 45 ஆண்டுதான். பழுது வெளியே தெரியவில்லை என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. அது தெருவோரக் கட்டடம், எங்களுடையது பின்கட்டு என்று உங்கள் வக்கீல் வாதாடட்டும். நீங்கள்தான் பழுது தெரிந்து முட்டு நட்டவர்களாயிற்றே.

‘அவராகத்தான் போனார்.’ சாவிக்கொத்து யார் இடுப்பில் இருந்தது? கொடுத்தது யார்? வாயால் சொன்னதோடு சரி. குறுக்கே ஒரு கயிறு கட்டவில்லை, கதவைப் பூட்டவில்லை.

இனி உங்கள் பதினாலில் ஒன்று. அந்தப் பின்னம் சொத்துக்குத்தான். பலர் சேர்ந்து செய்த கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் பட்டால், ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. யாரிடம் சுலபமாக வாங்க முடியுமோ அவரிடமே முழுவதையும் கேட்கலாம். மலேசியாவில் இருக்கும் பங்காளியைத் தேடிப் போவார்களா, சென்னையில் மாதச் சம்பளம் வாங்கும் உங்களைப் பிடிப்பார்களா? தூணைக் கழற்றிய கான்ட்ராக்டரையும் சேர்க்கலாம், அதனால் நீங்கள் கழன்றுகொள்ள முடியாது. வழக்கு நடத்த அந்த அம்மாவிடம் பணம் இருக்காது என்றும் நினைக்காதீர்கள். 1987ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

எங்கள் வீட்டிலும் நடந்தது, சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போகிற காலம். முகப்புச் சுவரில் சாரம் சரிந்து ஒரு சித்தாளுக்கு இடுப்பு போயிற்று. ஒரு மூட்டை நெல் கொடுத்து அனுப்பினார்கள். பெரிய மனசு என்று ஊரே சொன்னது. அவர் மகன் இன்றும் சந்தையில் என்னைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். உங்கள் 28,000ஐப் படித்ததும் அந்த நெல் மூட்டைதான் ஞாபகம் வந்தது.

செய்ய வேண்டியது இதுதான். ‘பொறுப்பில்லை’ என்று நோட்டீஸுக்குப் பதில் எழுதாதீர்கள். பேசத் தயார் என்று வக்கீல் மூலம் எழுதுங்கள். ஒன்பது லட்சம் அதிகமா என்பதைக் கணக்குப் பார்த்துப் பேசுங்கள்: ஆன செலவு, பிளேட்டை எடுக்க நேர்ந்தால் அதற்கு மறு ஆபரேஷன், வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, குனிந்து கூட்ட முடியாத மிச்ச வருடங்களின் வருமானம், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரின் கூலி, அவர் பட்ட வலி. தொகை முடிவானதும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிந்துகொள்ளுங்கள். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. ஸ்டாம்ப் பேப்பரில் கைநாட்டு வாங்குகிற வேலையெல்லாம் வேண்டாம். தூண் விற்ற பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். மீதிக்குப் பங்காளிகளோடு சண்டை போடுவதானால் உங்களுக்குள் போடுங்கள், அந்த அம்மாவைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போடாதீர்கள். பத்தொன்பது வருடம் உங்கள் வீட்டுச் சாமி விளக்கை அணையாமல் பார்த்தவரைப் பார்க்க, உங்கள் பதினாலு பேரில் ஒருவராவது மதுரைக்குப் போனாரா? கடிதத்தில் அது இல்லை.

மற்ற முட்டுகள் இன்னும் நிற்கின்றனவா? அந்த இரண்டாம் கட்டின் கதவை இன்றே பூட்டச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் தேதியைப் பார்த்தேன். உங்கள் கடிதம் என்னிடம் வந்து சேர்வதற்குள் 6 நாள் போய்விட்டது.