எண்கோட்டில் பின்னம்: இடைவெளியை எண்ணப் பழக்குங்கள்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 1/6, 1/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், ஆறைவிட எட்டுதானே பெரியது என்கிறாள். எண்கோட்டில் 3/4 குறிக்கச் சொன்னால் தப்பான இடத்தில் குறிக்கிறாள். டியூஷனில் குறுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்திருப்பதால் பரீட்சையில் மட்டும் விடை வந்துவிடுகிறது. அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்துகிறார். சேர்க்கலாமா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: சேர்க்க வேண்டாம். அந்த வகுப்புகளில் மணிகளை நகர்த்திப் பழகுவது பெரும்பாலும் முழு எண்களின் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும்தான். உங்கள் மகளுக்கு இருக்கும் குழப்பத்தை அது தொடவே தொடாது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நோட்டீஸ் கொடுத்து, இலவசத் திறனறித் தேர்வு என்று அழைத்துப்போய், குழந்தை மிகவும் பின்தங்கியிருப்பதாகப் பெற்றோரைப் பயமுறுத்தி, ஆண்டு முழுவதற்குமான கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறவர்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சேர்த்துவிடுகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போவதும் உண்டு. உங்களை வற்புறுத்துகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 1/8 எங்கே இருக்கிறது என்று எந்த மணியில் காட்டுவீர்கள்?

உங்கள் மகள் 1/8 என்பதை ஓர் எண்ணாகப் பார்க்கவில்லை. ஒன்று, எட்டு என்று இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறாள். அதனால் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, இருக்கும் எட்டு அவளுக்குப் பெரிதாகத் தெரிகிறது. எண்கோட்டில் வரும் பிழை வேறு வகை. 0, 1 இரண்டையும் குறித்துக் கொடுத்து, நான்கு சம பாகமாகப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் இடையே நான்கு சிறு கோடுகள் போடுவாள். அப்போது கிடைப்பவை ஐந்து பாகங்கள். மூன்றாவது கோட்டில் 3/4 என்று எழுதினால், அவள் உண்மையில் குறித்திருப்பது 3/5. அவள் கோடுகளை எண்ணுகிறாள். எண்ண வேண்டியது இடைவெளிகளை.

இதைப் புரியவைக்க உங்கள் ஊர் மெட்ரோவே போதும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை, இரு முனைகளையும் சேர்த்து 9 நிலையங்கள். ஆனால் இடைவெளிகள் 8 மட்டுமே. ஏறும் இடமான வண்ணாரப்பேட்டை 0, விம்கோ நகர் 1 என்றால், தியாகராயா கல்லூரி 1/8, உங்கள் தண்டையார்பேட்டை 2/8, டோல்கேட் 4/8, அதாவது சரிபாதி. இதை எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; நிலையங்களுக்கு இடையிலான தூரங்கள் சமமல்ல, எண்கோட்டிலோ ஒவ்வோர் இடைவெளியும் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து, 24 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். 24 என்று சொல்வதற்குக் காரணம், அது 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். அப்போது 1/6 என்பது 4 செ.மீ., 1/8 என்பது 3 செ.மீ. அளந்து குறிப்பது மகளின் கையாகவே இருக்கட்டும். பாகம் அதிகமானால் ஒவ்வொரு பாகமும் சிறுத்துப்போவதை அவளே கண்டுகொள்வாள். கடையில் விற்கும் அச்சடித்த எண்கோட்டு அட்டைகளை வாங்காதீர்கள். பிரிக்கும் வேலையை முன்பே முடித்து வைத்திருப்பதால், குழந்தைக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. பாடநூல், கைடு, வினாத்தாள் பலவற்றிலும் இதே கதைதான். பிரித்த படத்தைக் கொடுத்து நிழலிட்ட பகுதியைக் கேட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். வெறும் கோட்டைக் கொடுத்து நீயே பிரி என்று கேட்கும் வினாத்தாள் எத்தனை பள்ளிகளில் வருகிறது? பருவத் தேர்வுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்று ஆசிரியரை விரட்டுகிற ஏற்பாட்டில், குழந்தை அளந்து பிரித்துப் பார்க்க நேரம் எங்கிருந்து வரும்?

ஓர் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கோடு 1 உடன் முடியாமல் 2 வரை நீண்டிருந்தால், 1/2 எங்கே என்று கேட்டதும் பல குழந்தைகள் கோட்டின் நடுவில், அதாவது 1 இருக்கும் இடத்தில், விரலை வைப்பார்கள். இதுவரை கோடு எப்போதும் 1 இல் முடிந்ததால், கோடு முழுவதையும் 'முழுமை' என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது. எண்கோட்டில் முழுமை என்பது 0 இலிருந்து 1 வரை உள்ள நீளம்தான்; கோடு எவ்வளவு நீண்டாலும் அது மாறாது. ஆகவே முதல் பட்டையோடு இன்னொரு 24 செ.மீ. பட்டையை ஒட்டி, சேருமிடத்தில் 1 என்றும் கடைசியில் 2 என்றும் எழுதுங்கள். முதலில் 1/2, பிறகு 3/2, பிறகு 5/4 என்று கேளுங்கள். 5/4 குறிக்க, 6 செ.மீ. இடைவெளியை 0 இலிருந்து ஐந்து முறை வைத்து, 1 ஐத் தாண்டி 30 செ.மீ. இல் நிற்க வேண்டும். இந்த இடத்தில் அவள் தடுமாறாமல் குறிக்கும் வரையில் பாடம் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

ஒப்பிடும்போது, முதலில் இரண்டையும் பாதியோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3/8, 4/7 என்றால், எட்டில் பாதி நான்கு என்பதால் 3/8 பாதிக்குக் குறைவு. ஏழில் பாதி மூன்றரை என்பதால் 4/7 பாதிக்கு மேல். பெருக்கலே தேவையில்லை.

குறுக்குப் பெருக்கல் தவறான முறையன்று. காரணம் சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு. 5/8, 2/3 இரண்டையும் அந்தப் பட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், 15 செ.மீ., 16 செ.மீ. என்று வரும். டியூஷன் முறைப்படி 5 ஐ 3 ஆலும் 2 ஐ 8 ஆலும் பெருக்கினாலும் அதே 15, 16 தான் கிடைக்கும். ஏனெனில் எட்டையும் மூன்றையும் பெருக்கினால் 24. அந்த 24 சம பாகங்களில் இரண்டு பின்னங்களும் எத்தனை பாகம் எடுத்துக்கொள்கின்றன என்பதைத்தான் குறுக்குப் பெருக்கல் சொல்கிறது. இதைப் பட்டையில் தொட்டுப் பார்த்த பிறகு, பரீட்சையில் அவள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.