ஊழியக் காணிக்கைய உண்டியல் ஆள் கையில குடுக்காதீங்க

கேள்வி: எங்க சபைல வளர்ந்த தம்பி ஒருத்தர் ஜெர்மனில யுனிவர்சிட்டி பிள்ளைங்க மத்தில ஊழியம் செய்றாரு. என் பென்ஷன்லேருந்து மாசம் 5,000 ரூபா அவரைத் தாங்கணும்னு ஆசை. பேங்க்ல அனுப்புனா 20% வரி புடிச்சுக்குவாங்க, என்கிட்ட குடுங்கன்னு காரைக்குடில ஒருத்தர் சொல்றாரு. குடுக்கலாமா? (ஓய்வுபெற்ற டீச்சர், தேவகோட்டை)

டீச்சரம்மா, குடுக்கவே குடுக்காதீங்க. அந்த 20% உங்களுக்கு வராது, ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுக்கு அனுப்புனாத்தான் மேல போற தொகைக்கு டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே பேங்க் புடிக்கிற வரி (2025 ஏப்ரல்லேருந்து இந்த வரம்பு), உங்களுது வருஷத்துக்கு 60,000 தான். அப்படியே புடிச்சாலும் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், அதையெல்லாம் அந்த ஆள் சொல்ல மாட்டாரு.

அவர் செய்றது உண்டியல். நம்ம பக்கத்துல அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு, ரங்கூன்லயும் பினாங்குலயும் செட்டியாருங்க எழுதுன உண்டியல் சீட்டுக்கு சொன்ன நாள்ல காசு வந்துடும். இவங்க அந்தப் பேர வச்சுக்கிட்டு செய்றது ஹவாலா, பேங்க் வழியா போகாம திருட்டுத்தனமா காச வெளிநாட்டுக்கு மாத்தி விடுறது. ஃபெமாங்கிற அந்நியச் செலாவணி சட்டத்துல மாட்டுனா அனுப்புன தொகை மாதிரி மூணு மடங்கு வரைக்கும் அபராதம், அது குடுத்த உங்க மேலயும் வரலாம். என்கிட்ட வந்த ஒரு பெரியவர் இப்படி ஒரு ஆள்கிட்ட குடுத்து ஏமாந்தாரு, ரசீது இல்ல, போலீஸ்ல என்ன சொல்றதுன்னே தெரியல, ஜெபம் பண்ணி எடுத்து வச்ச காசும்மா அது, இன்னிக்கும் எனக்கு ஆறல.

உங்க பேங்க்லயே வெளிநாட்டுக்கு காசு அனுப்புறதுக்கான ஏ2 ஃபாரம் கேளுங்க, பான் கார்டு வேணும், நோக்கம்ங்கிற இடத்துல தனிநபர் அன்பளிப்புன்னு போடுங்க. கவுன்ட்டர்ல எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) சர்டிஃபிகேட் எங்கன்னு கேப்பாங்க. அது வெளிநாட்டுலேருந்து உள்ள வர்ற காசுக்கும்மா, போற காசுக்கு இல்ல! இத எத்தன மேனேஜர்கிட்டதான் சொல்றது, வயசானவங்கள மூணு தடவ அலைய விடுறாங்க. மேனேஜர்கிட்டயே நேரா கேளுங்க.

இன்னொண்ணு, இதுல நெறைய பேரு விழுறாங்க. ‘சபை டிரஸ்ட் கணக்குல போடுங்க, நாங்க அனுப்பிக்கிறோம்’னு யாராச்சும் சொன்னா வேணாம். தனி ஆளுக்கு வருஷம் 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்ப இருக்குற வழி டிரஸ்டுக்கு இல்லவே இல்ல, அதுபோக டிரஸ்ட் காச நாட்டுக்கு வெளில செலவு பண்ணா அந்தத் தொகைக்கு வரிவிலக்கும் போயிடும், மத்திய நேரடி வரிகள் வாரியத்தோட அனுமதி இருந்தாத்தான் உண்டு, அத வாங்குறது லேசு இல்ல. நல்ல மனசோட செஞ்சுட்டு அப்பறம் நோட்டீஸோட வர்ற சபைங்க இருக்கு. அதே மாதிரி பத்து பேர் காணிக்கைய உங்க கணக்குல வாங்கியும் அனுப்பாதீங்க, இது என் சொந்தக் காசுன்னு ஏ2-ல நீங்கதான் கையெழுத்து போடுறீங்க.

இதுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகையும் கிடைக்காது, வாங்கித் தரேன்னு எவனாவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

பேங்க் சார்ஜ் ஒவ்வொரு தடவையும் விழும், அதனால மாசாமாசம் வேணாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா 15,000-ஆ அனுப்புங்க. தம்பிகிட்ட ஐபேன் நம்பரும் (அவரோட கணக்கு நம்பர்) ஸ்விஃப்ட் கோடும் (அவர் பேங்க்கோட கோடு) வாட்ஸப்ல வாங்கிக்கிட்டு, பேரு அவர் பேங்க் கணக்குல இருக்குற ஸ்பெல்லிங்லயே இருக்கான்னு ஒரு தடவ ஃபோன் போட்டுக் கேட்டுக்கங்க.