வாசகர் கேள்வி பதில்: கடைவீட்டுக்குள் ஒரு முற்றம்

கேள்வி: சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய, கீழே கடையும் மேலே குடியிருப்புமான பழைய கடைவீடுகள் முகப்பில் ஒடுங்கியும் உள்ளே மிக நீண்டும் இருக்கின்றன. முகப்பின் அகலத்தைப் பார்த்து வரி போட்டதால்தான் அப்படிக் கட்டினார்கள் என்று என் தாத்தா சொல்வார். அது சரியா? நடுவில் இருக்கும் திறந்த முற்றம் நம் ஊர் வீடுகளைப் பார்த்து வைத்ததா? (ஈசூன் வாசகி)

பதில்: வரிக்கதையைச் சொல்பவர் உங்கள் தாத்தா மட்டுமல்லர். ஆனால் அத்தகைய கடை ஒன்றில் சாமான் வாங்கும்போது சற்றே அண்ணாந்து பார்த்தால், வேறொரு காரணம் கண்ணில் படும். இரு பக்கச் செங்கல் சுவர்களும் அண்டை வீட்டாருக்கும் பொதுவானவை. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் குறுக்கே கிடத்திய மர உத்தரங்கள்தாம் மாடித் தளத்தைத் தாங்குகின்றன. இடையில் தூண் நிறுத்தாமல் ஒற்றை உத்தரம் எவ்வளவு தூரம் எட்டுமோ, ஏறத்தாழ அவ்வளவே வீட்டின் அகலம். அது பெரும்பாலும் 16 முதல் 20 அடிக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் விரிக்க வழியில்லாததால், இடம் வேண்டியவர்கள் பின்னோக்கி நீட்டினார்கள்.

அப்படி நீட்டியதால்தான் முற்றம் தேவைப்பட்டது. பக்கச் சுவர்களில் சன்னல் வைக்க முடியாத வீட்டில், முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே கூரையைத் திறந்துவிட்டால்தான் வெளிச்சம் விழும், அடுப்படிப் புகையும் வெப்பமும் மேலேறிப் போகும். மழை நேரே உள்ளே கொட்டும் என்பதால் தரையைத் தாழ்த்தி வடிகால் வைத்தார்கள். செட்டிநாட்டு முற்றத்தை அறிந்த நமக்கு அது சொந்த வீடுபோலத் தோன்றுவது இயல்பே. ஆயினும் தென்சீனத்து வீடுகளிலும் இந்த அமைப்பு வெகுகாலமாக உண்டு. ‘வானக் கிணறு’ என்று பொருள்படும் சொல்லால் சீனர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். எனவே நம்மைப் பார்த்து வைத்தார்கள் என்று உரிமை கொண்டாட இடமில்லை.

முற்றம் இருந்தும் எல்லா வீடும் காற்றோட்டமாக இருந்துவிடவில்லை. ஒரே வீட்டைப் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாக்கிப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டதால் நோய் பரவியது. சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1907இல் வெளியான சிம்சன் அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீடுகளுக்கு இடையே பின்சந்துகளைத் திறக்கும்படி வலியுறுத்தியது. லிட்டில் இந்தியாவின் தேக்காப் பகுதியில் இன்று சரக்கு இறக்கும் சந்துகளைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் கடைக்குக் கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

பதில்: கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை, தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாக, எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் இட்ட விதி. பாதை பொதுப் பயன்பாட்டுக்கு உரியதானாலும் அதைக் கட்டியவர் அந்தந்த மனைக்காரர். அவரவர் தம் வாசல் உயரத்துக்குத் தரை போட்டார்கள், தமக்குப் பிடித்த ஓட்டைப் பதித்தார்கள். பெயர்தான் அஞ்சடியே தவிர, அகலமும் எங்கும் ஒரே ஐந்தடி அன்று. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. அந்தப் படிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது சிரமந்தான்.

கேள்வி: கெர்பாவ் சாலையில் உள்ள வண்ண வண்ண வீடும் கடைவீடா?

பதில்: இல்லை. அது 1900இல் எழுந்த சீன மாளிகை. மிட்டாய்த் தொழில் நடத்திய ‘தான் தெங் நியா’ என்ற சீன வணிகரின் வீடு.