இவ்வளவு சாதாரணமாகத் தெரியும் வாட்சுக்கு ஏன் இவ்வளவு விலை?

கல் பதிக்கவில்லை, மின்னவும் இல்லை, இதற்கா லட்சக்கணக்கில் என்று கேட்கிறீர்கள். சரி, ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். படேக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் 1932இல் கொண்டுவந்த கலாட்ராவா வாட்ச் சுமார் 31 மில்லிமீட்டர் அகலம்தான், இன்றைக்கும் அதன் சாயலில்தான் பலரும் செய்கிறார்கள். டயலில் நிறைய வேலைப்பாடு இருந்தால் சின்னப் பிசிறு அதில் மறைந்துவிடும். வெறும் டயலில் முள் மயிரிழை கோணினாலும் கண்ணை உறுத்தும், அதனால்தான் எளிமைக்கு இத்தனை உழைப்பு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒருநாள் விடிகாலை, நண்பரின் கிராண்ட் சீக்கோ என்ற ஜப்பானிய வாட்சைக் கட்டிப் பார்த்தேன். முள்ளின் நடுவில் மெல்லிய முகடு, ஒரு பக்கம் வெயிலில் வெள்ளை, மறுபக்கம் கருப்பு, மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டும் இடம் மாறின. அப்புறம் சட்டைக் கைக்குள் போய்விடும், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.