அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றால் மகனுக்கும் வருமா?

உங்களுக்கு 43 வயது, அப்பாவுக்கு 61-ல் புராஸ்டேட்டில் (ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் கண்டுபிடித்திருக்கிறார்கள், இப்போதே டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், திருத்த வேண்டியதை டாக்டர்கள் திருத்தட்டும்.

கட்டாயம் வரும் என்று இல்லை, வாய்ப்பு கூடுதல். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ இருந்தால் மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். அப்பாவைவிட அண்ணன் தம்பிக்கு வந்திருந்தால் இன்னும் கூடுதல். அப்பாவுக்கு 65-க்கு முன்பே வந்துவிட்டதால், நீங்கள் 45-ல் டாக்டரிடம் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது, எண் ஏறினால் மேற்கொண்டு பார்ப்பார்கள்) பற்றிப் பேச வேண்டும் என்கிறது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம். நெருங்கிய ரத்த உறவில் இன்னொருவருக்கும் இளம் வயதிலேயே இருந்தால் 40-லேயே. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு 50.

ஆனால் உங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. அப்பாவுக்கு என்ன வியாதி என்று தெரியும். எங்களுக்கு அதுவே தெரியாது.

என் அண்ணனுக்கு 58 வயதில் இடுப்பு வலி வந்தது. மூட்டை தூக்கும் உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பு வரை போயிருந்தது. கோயம்புத்தூர் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்பதுதான். "யாருக்கும் இல்லீங்க" என்றார் அண்ணன். பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 90-களில் அப்பாவுக்கு ஓதம் (விதை வீக்கம்) ஆபரேசன் நடந்தது என்பது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பட்டா, பழைய கடன் பத்திரங்களுக்கு அடியில் மஞ்சளடித்துப்போன ஒரு டிஸ்சார்ஜ் தாள். அதில் எழுதியிருந்தது ஆர்கிடெக்டமி. இரண்டு விதைகளையும் எடுத்திருக்கிறார்கள். ஆண் ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது, அதை நிறுத்தினால் புராஸ்டேட் கட்டி அடங்கும் என்று 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் காட்டி, 1966-ல் நோபலும் வாங்கிவிட்டார். அப்பாவுக்கு அன்று கத்தி செய்த வேலையை இன்று அண்ணனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி செய்கிறது.

மறைக்கச் சொன்னது பெரியப்பா. "கட்டிக்குடுக்கற வயசுல புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு இதையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா?" அந்தப் பிள்ளை என் தங்கச்சி. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளைக்கு தாய் யார், தகப்பன் யார் என்று தலைமுறை தலைமுறையாகத் துருவுகிறோம், பெற்ற பிள்ளைக்கு அப்பன் வியாதியைச் சொல்ல மாட்டோம். இதே பெரியப்பாதான் பொதுக்கிணற்றில் எங்கள் முறை நாளில் மோட்டாரைப் போட்டுவிட்டு, "கரண்டே இப்பத்தான வந்துச்சு" என்பார். வரப்பில் அரை அடி போனால் ஊரையே கூட்டுவார். குடும்ப மானம் பற்றி அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்! சரி, அது வேறு பஞ்சாயத்து.

இன்னொன்று. நம் ஊரில் பரம்பரை என்றால் கூட்டம், பங்காளி என்று அப்பா வழியை மட்டும்தான் எண்ணுவார்கள். பிஆர்சிஏ2 போன்ற மரபணுக் கோளாறு அம்மா வழியிலும் வரும். பெண்களுக்கு மார்பகம், சினைப்பை புற்றுநோய் வர வைக்கும் அதே கோளாறு ஆண்களுக்குப் புராஸ்டேட்டிலும் வர வைக்கும். அதனால் அம்மிச்சிக்கு, பெரியம்மாவுக்கு, சித்திக்கு என்ன வந்தது என்றும் விசாரியுங்கள். பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய் இப்படி ஒற்றை மரபணுவால் வருவதில்லை, பயந்துவிட வேண்டாம்.

பரவிய நிலையில் இருப்பதால் அண்ணனை மரபணுச் சோதனை செய்யச் சொன்னார் டாக்டர். கோளாறு இருந்தால் ஓலாபரிப் என்று மாத்திரை இருக்கிறது, அவர் வைத்தியத்துக்கே உதவும். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கடைசியில் அந்தப் பெண்ணே, "சித்தப்பா, எனக்கும் சேத்தித்தான் இது தெரியோணும்" என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

பிஎஸ்ஏ டெஸ்டே ஏமாற்று வேலை, மெதுவாக வளரும் கட்டிக்கெல்லாம் கத்தி வைக்கிறார்கள் என்று யாராவது எழுத வருவீர்கள். அதில் பாதி உண்மை. அதனால்தான் அமெரிக்க நிபுணர் குழு 2012-ல் பொதுவாக வேண்டாம் என்றது, 2018-ல் 55 முதல் 69 வரை உள்ளவர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. கட்டி இருந்தாலும் ஆபத்து குறைவு என்றால் ஆபரேசன் இல்லாமல் கண்காணித்தே வருகிறார்கள். மஞ்சள் பால் குடித்தால் போதும் என்பவர்களுக்கு: ஈரோட்டு மஞ்சள் எங்கள் வீட்டில் என்றைக்கும் தீர்ந்ததில்லை.

நானும் பிஎஸ்ஏ எடுத்தேன், எண் ஒன்றைத் தாண்டவில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப எடுப்பது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போகும்போது அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட் நகலைக் கையோடு கொண்டு போங்கள், அதில் கட்டி எவ்வளவு வீரியமானது என்று காட்டும் கிளீசன் எண் இருக்கும். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் மிதிக்க வேண்டாம், தாம்பத்தியமும் வேண்டாம். மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் எண் ஏறும், அது ஆறிய பிறகு எடுங்கள். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அது எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.