மொட்டையடித்த மாமரத்துக்குப் பூ டானிக் எதற்கு?

கேள்வி: என்னிடம் 25 வயது மாமரங்கள் பன்னிரண்டு உள்ளன. உயரம் எட்டவில்லை என்று போன வருடம் ஆறு மரங்களைப் பத்தடியில் ஒரே மட்டமாக வெட்டினேன். இப்போது வெட்டிய இடத்தில் கிளம்பிய புதுக்கொம்புகள், அதாவது போத்துகள், துடைப்பம் போல அடர்ந்திருக்கின்றன, ஒரு பூ இல்லை. உரக்கடையில் பூ டானிக் தருகிறார்கள். அடிக்கலாமா? போத்துகளை மொத்தமாகக் கழித்துவிடலாமா? மீதி ஆறையும் இந்த வருடம் வெட்ட இருக்கிறேன்.

பதில்: டானிக் வேண்டாம். மா, முற்றிய நுனிக்கொம்பில்தான் பூக்கும். அந்த நுனிகளைத்தான் நீங்கள் தரையில் தள்ளிவிட்டீர்கள். புதுக்கொம்பு முற்ற இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதற்குள் கடைக்காரர் நாலு பாட்டில் விற்பார், பூத்ததும் பெயர் பாட்டிலுக்குப் போகும். யூரியாவும் போடாதீர்கள், போத்துதான் கொழுக்கும்.

இந்த அடர்த்தி செழிப்பு இல்லை, மரத்தின் பதற்றம். நுனி இருந்தவரை அது பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருந்தது. நுனி போனதும் பட்டைக்கடியில் தூங்கிய மொட்டெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டன. இலையே இல்லாத மரம், வேரிலும் அடிமரத்திலும் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் இவ்வளவையும் விட்டிருக்கிறது. மொத்தமாகக் கழித்தால் மிச்சச் சேமிப்பும் காலி. ஒவ்வொரு வெட்டுக்கட்டையிலும் வெளிப்பக்கம் பார்த்த மூன்று நாலு போத்துகளை விட்டு, மற்றதைச் சில மாத இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாகக் கழியுங்கள். போத்து கட்டைக்குள் ஆழமாக ஊன்றாமல் மேலோட்டமாக மட்டும் ஒட்டியிருக்கும், கனத்தால் காற்றில் பிய்ந்துவரும். விட்டதில் நெடுநெடுவென்று போவதன் நுனியையும் குறையுங்கள்.

சரி, நீங்கள் கேட்காதது: எங்கே வெட்டினீர்கள்? ஒரு வெட்டுக்கட்டையைக் கத்தியின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்து பட்டை கழன்றால் உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டது. கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு தடிப்பு இருக்கும். வெட்டு அதை ஒட்டி வெளியே விழ வேண்டும். தடிப்பைச் செதுக்கவும் கூடாது, முழ நீளம் கட்டை விடவும் கூடாது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தவர். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் கட்டி அடைக்கிறது என்றார். அந்தச் சுவர் பலமாக எழும்புவது இந்தத் தடிப்பில்தான். தடிப்பை விட்டுக் கிளையின் நடுவில் வெட்டினால் சுவரும் சரியாக எழாது. அதன்மேல் தாரும் பெயின்டும் பூசுவது அழுகலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. சுண்ணாம்பு அடிப்பதானால், நிழல் போய் வெயில் படும் பட்டைக்கு அடியுங்கள். அங்கேதான் வெந்து வெடிக்கும்.

மீதி ஆறில் இந்த வருடம் அறுவடை முடிந்ததும் நடு உச்சியில் ஒரே ஒரு பெரிய கிளையை மட்டும் எடுங்கள். தடிப்பிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து கால்வாசி அறுத்து, அப்புறம் மேலிருந்து அறுங்கள், பட்டை உரியாது. கடைசியாக மிச்சக் கட்டையைத் தடிப்பை ஒட்டி எடுங்கள். அடுத்த கிளை அடுத்த வருடம்.